என்னை யாரும் பாண்டி என்று அழைத்ததில்லை

நான் பொய் சொன்னேன்.

ஒரு முறை அல்ல. ஆறு ஆண்டுகளாக, மேடைகளில், பேட்டிகளில், எங்கள் இணையதளத்தின் 'நாங்கள் யார்' பக்கத்தில், திரும்பத் திரும்பச் சொன்னேன். பள்ளியில் என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள் என்றேன். அந்தக் காயத்திலிருந்துதான் 'பாண்டி பேசுகிறது' என்ற பெயர் பிறந்தது என்றேன். நீங்கள் நம்பினீர்கள். படித்துவிட்டு அழுததாக உங்களில் சிலர் எனக்கு எழுதினீர்கள்... அந்தக் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

இதோ, சொல்லிவிட்டேன்! ஆனால் இந்த இரண்டு வரிகளோடு எழுந்து போய்விட எனக்கு உரிமையில்லை. பொய் எப்படிப் பிறந்தது, யாருடைய வாழ்விலிருந்து பிடுங்கப்பட்டது என்பதையும் நீங்கள் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் பாண்டி என்பது பிள்ளைக்கு ஆசையாக வைக்கும் பெயர், சாமியின் பெயர். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிவிட்டால் அதே பெயர் வசவு. தமிழன், கறுப்பன், அழுக்கன், விவரமில்லாதவன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமானால் இங்கே அந்த ஒரு சொல் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் லாரிக்குக்கூட இங்கே 'பாண்டி லோறி' என்றுதான் பெயர்.

நான் பார்வதி. ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகள் எழுதும் வேலை. வீட்டில் தமிழ்தான், ஆனால் அது நாலைந்து தலைமுறையாக இங்கேயே ஊறிக் கிடக்கும் தமிழ். எங்களை மலையாளிகள் பாண்டி என்று சொல்வதில்லை. எங்களுக்கு வேறு பெயர் உண்டு. அதில் கேலி இருந்தாலும் கூடவே கொஞ்சம் மரியாதையும் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது தெருவில் அல்ல, என் வீட்டில். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்லுவாள்: "வெளில மலையாளத்துலயே பேசுடீ. இல்லேன்னா நம்மளையும் பாண்டின்னு நெனச்சுடப் போறா." அம்மாவுக்கு அதில் வன்மம் எதுவும் கிடையாது. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தளத்தைத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியின் மாடி. கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டும் முருகேசன், ஓட்டல் தொழிலாளர் சிலர், கடைச் சிப்பந்திகள் சிலர், என் அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு மருத்துவம் பார்க்காத ஒப்பந்தக்காரன், ஓர் அறைக்குள் பதினாறு பேரை அடைத்த முதலாளி என்று எல்லாவற்றையும் எழுத ஓர் இடம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். தளத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி வந்தது.

நான் சொன்னேன்: பாண்டி பேசுகிறது.

முருகேசன் மறுப்பாகத் தலையை அசைத்தார். அவர் தென்காசிக்காரர், இருபது வருடமாக இங்கே தரையில் குந்தி உட்கார்ந்து அடுத்தவர் வீடுகளை மினுக்குகிறவர்.

"வேண்டாம் மேடம். வேற என்ன பேரு வேணும்னாலும் வைங்க. ஊருல இருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குனதும் நான் கேட்ட மொத வார்த்தை அதுதான். அத எப்படி நாமளே போர்டுல எழுதுதது?"

நான் படித்த கட்டுரைகளிலிருந்து விளக்கினேன். வசைச்சொல்லை ஏசப்பட்டவர்களே எடுத்துக்கொண்டால் அதன் விஷம் இறங்கிவிடும் என்றேன். உலகில் எங்கெங்கோ அப்படி நடந்திருப்பதையெல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது! அந்த மாடியில் நான் நுழைந்தாலே எல்லோரும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. எனக்கு மட்டும் கைப்பிடி வைத்த கப்பில் டீ. நான் அவர்களுக்கு உதவ வந்தவள். அவர்களில் ஒருத்தி அல்ல.

அப்போதுதான் என் வாய் அதைச் சொன்னது.

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க முருகேசன். ஸ்கூல்ல."

"நெசமாவா? உங்களயுமா மேடம்?"

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்... அதிர்ச்சி, இரக்கம், கூடவே ஒரு சிறிய மகிழ்ச்சியும் இருந்தது. தனக்கு மட்டும் நடக்கவில்லை, இவ்வளவு படித்தவளுக்கும் நடந்திருக்கிறது என்ற ஆறுதல். முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பே சிரித்ததைச் சொன்னேன். கரும்பலகையில் லாரி வரைந்து 'பாண்டி லோறி' என்று எழுதியதைச் சொன்னேன். இரண்டு வருடம் அந்தப் பெயரால் மட்டுமே கூப்பிட்டதைச் சொன்னேன். ஒவ்வொன்றும் நடந்தது. ஒவ்வொன்றும் என் கண் முன்னால் நடந்தது. 'அவளை' என்ற இடங்களில் 'என்னை' என்று மாற்றினேன், அவ்வளவுதான். கையேடு எழுதுகிறவளுக்கு அதுவா பெரிய வேலை!

கேட்டு முடித்ததும் முருகேசன் சொன்னார்: "அப்படின்னா அந்தப் பேரையே வைங்க மேடம். அவன் சொல்லுததுக்கு முன்னால நாமளே சொல்லிருவோம்."

அடுத்த வாரம் எனக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. எல்லோருக்கும் வந்த அதே டம்ளர். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இன்னொருத்தியின் அவமானத்தைக் கொடுத்து அந்த டம்ளரை வாங்கியிருக்கிறேன் என்று அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் பெயர் பாண்டிச்செல்வி.

எட்டாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தாள். அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர். குலசாமியின் பெயரைப் பெண்ணுக்கு வைத்திருந்தார். அந்தப் பெயர் இந்த ஊரில் என்னவாகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் டீச்சர் பதிவேட்டைப் படித்தார். இருபத்தேழாம் எண்ணுக்கு வந்ததும், "பாண்டி..." என்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. வகுப்பு சிரித்தது. "செல்வி" என்று அவர் முடிக்கும்போது யாரும் கேட்கும் நிலையில் இல்லை. அவள் எழுந்து நின்று, ஊரில் பழகியபடி, கணீரென்று சொன்னாள்:

"உள்ளேன் டீச்சர்!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. நாங்கள் எல்லாம் 'ஹாஜர்' என்று சொல்கிறவர்கள். அடுத்த எண் இருபத்தெட்டு, பார்வதி. நான் எழுந்து, சுத்தமான மலையாள நாக்கில், "ஹாஜர் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பில் என் வீட்டுத் தமிழைப் பற்றி யாருக்கும் தெரியாது.

எண் வரிசையில் அடுத்தடுத்து இருந்ததால் ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. இரண்டாவது வாரம், என் அம்மா மதியச் சோற்றோடு கொடுத்தனுப்பிய ஒரு சீட்டை அவள் பார்த்துவிட்டாள். அதில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. அவள் முகம் எப்படி விரிந்தது! இத்தனை நாளும் புரியாத பேச்சுக்கு நடுவில் தனியாக நின்ற பெண்... பக்கத்து மேஜை, எதிர் மேஜை எல்லாம் கேட்க, கத்திவிட்டாள்.

"ஏ, நீயும் தமிழ்தானா!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "எனிக்கு தமிழ் அறியில்லா."

எனக்குத் தமிழ் தெரியாது! ஆறு வருடமாகத் தமிழ்த் தொழிலாளர்களின் குரலாக உங்கள் முன் நிற்பவள் சொன்னது இது. அவள் கையில் அந்தச் சீட்டு இருந்தது. சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் திரும்பிய அந்தத் தலைகள் எனக்குள் நின்றுவிட்டன. சந்தேகம் வந்திருக்குமோ... யாராவது கேட்பார்களோ... அன்று உணவு இடைவேளையில் நான் கரும்பலகையில் ஒரு லாரி வரைந்தேன். எனக்கு நன்றாக வரைய வரும். வைக்கோல் பிதுங்கும் லாரி, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க. அதன் மேல் 'பாண்டி லோறி' என்று எழுதினேன். யாரைச் சொல்கிறேன் என்பதில் குழப்பம் வரக்கூடாதே! முகப்பில் நம்பர் பலகை ஒன்று வரைந்து, டி.என். 27 என்றும் எழுதினேன்.

வகுப்பு கைதட்டியது. சாயங்காலம் வரை என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் உள்ளே வந்து பலகையைப் பார்த்தாள். அழிப்பானைத் தேடினாள், யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள். உள்ளங்கையாலேயே தேய்த்து அழித்தாள். முழுதும் போகவில்லை. வெள்ளையாகிப் போன இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பின் பத்தாம் வகுப்பு வரை அவள் 'பாண்டி லோறி'தான்.

பத்தாம் வகுப்பில், அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன், அவள் அப்பா ஒரு விண்ணப்பத்தோடு வந்து அலுவலக வாசலில் நின்றார். பெயர் மாற்ற. அடுத்த மாதம் டீச்சர் படித்தார்: இருபத்தேழு, ஷைனி எஸ். அவள் எழுந்து, "ஹாஜர்" என்றாள். மலையாளம் அதற்குள் அவளுக்கும் சுத்தமாகியிருந்தது.

ஒரு பெண் தன் சாமியின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்; நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது!

தளம் வளர்ந்தது. நீங்கள் வளர்த்தீர்கள். அந்தப் பெயரைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு இளைஞர்கள் கடற்கரையில் நடந்தார்கள். எங்கள் பெயரைச் சொன்னால் அலுவலகங்களில் போனை எடுத்தார்கள். அந்தச் சொல்லை வாய்தவறி விட்ட பேருந்து நடத்துநர் ஒருவர் பயணியிடம் மன்னிப்புக் கேட்டார். பெயருக்கு ஒரு பலன் இருந்தது என்பது பொய்யில்லை. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இன்றும் எளிதாக இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் எங்களுக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

"வணக்கம் மேடம். நான் கழக்கூட்டத்துல ஒரு கட்டடத்துல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பேரு ஷைனி. எனக்குக் கீழ முப்பது பெண்ணுங்க வேலை செய்யுறாங்க, எல்லாரும் நம்ம தமிழ்நாட்டுக்காருதான். ஒருத்தி ஈரத்துல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. கம்பெனி திரும்பிப் பாக்கல. உங்க சைட்டுல எழுதச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டா, அந்தப் பேரை அவ கையால அடிக்கணும் அல்லே? எங்களை ஏசுற வார்த்தைய நாங்களே டைப் அடிச்சாத்தான் உங்க கதவு தொறக்கும்னா, எங்களுக்கு அந்தக் கதவு வேண்டாம் மேடம். பேரை மாத்துனா உபகாரமா இருக்கும். அவ்வளவுதான்."

ஷைனி. கேரளத்தில் ஷைனிகளுக்கா பஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரலை இரண்டாம் முறை கேட்கவில்லை.

முருகேசன் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவளை வரச் சொல்லிவிட்டார். "நேர்ல வந்து சொல்லட்டும் மேடம். நியாயம் இருக்கத்தான செய்யிது?"

சாயங்கால வெயில் மாடி ஜன்னலில் விழுந்திருந்தது. கீழே கடைகள் அடைத்துக் கிடந்தன. அவள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சாம்பல் நிறச் சீருடைக்கு மேல் ஒரு துப்பட்டா. பேசுவதற்கு எழுந்தபோது இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சொன்னதையே மறுபடி சொன்னாள். மாற்றக்கூடாது என்றவர்களும் பேசினார்கள். பெயர் மாறினால் தேடுகிறவனுக்குக் கிடைக்காது, ஆறு வருட உழைப்பு போய்விடும், ஏசுகிறவன் ஜெயித்ததாக ஆகிவிடும் என்றார்கள். முருகேசனுக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் ஷைனியிடம் அன்பாகவே சொன்னார்:

"தப்பா நெனைக்காதம்மா. ஒனக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனா மேடத்தயும் ஸ்கூல்ல அப்படித்தான் கூப்புட்டுருக்காவ. அவங்களே தாங்கிக்கிட்டு அந்தப் பேரை எடுத்துருக்காங்க. மேடம், அவளுக்கு ஒருக்கா சொல்லுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் திரும்பிய அதே மாதிரி தலைகள்.

உண்மையைச் சொல்ல எனக்கு அந்த இடம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? இல்லை. யாரும் என்னை அடித்துவிட மாட்டார்கள். அந்தக் கண்ணாடி டம்ளர் போய்விடும். முருகேசனின் முக்காலி தள்ளிப் போய்விடும். அவ்வளவுதான்... அந்த அவ்வளவுக்காக நான் வாய் திறந்தேன்.

அவளுக்கு நடந்ததை, அவளுக்கே, எனக்கு நடந்ததாகச் சொன்னேன்.

வருகைப் பதிவு. டீச்சரின் கண்ணாடி. லாரி. வைக்கோல். ஒளித்து வைத்த அழிப்பான். உள்ளங்கையால் பலகையைத் துடைத்தது. ஒன்றையும் விடவில்லை, நடுவில் என் குரல்கூடத் தழுதழுத்தது. அது நடிப்பா, உண்மையா என்று எனக்கே தெரியவில்லை! அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை உயர்த்தச் சொன்னார்கள். மாற்ற வேண்டும் என்று இரண்டு கைகள். மற்ற எல்லாக் கைகளும் பெயர் இருக்கட்டும் என்றன. அவள் உறுப்பினர் இல்லை. அவளுக்குக் கை இல்லை. முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உயர்த்தினார். என் கதைக்காக உயர்த்தினார்.

படியில் நான் அவள் பின்னால் இறங்கினேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பாதிப் படியில் அவள் நின்றாள்.

"எல்லாம் நடந்தபடியே சொன்னீங்க மேடம். ஒரு காரியம் மட்டும் விட்டுட்டீங்க."

என் பக்கம் திரும்பினாள்.

"லோறியில நம்பர் எழுதியிருந்தது. இருபத்தேழு. அது என் நம்பர். உங்களுது இருபத்தெட்டு."

"ஷைனி..."

"உங்க பேஜ் ரெண்டு வருஷம் முன்னயே வாசிச்சேன். பாவம், என்னை மாதிரியே வேற ஒருத்திக்கும் நடந்திருக்குன்னு நெனச்சு அழுதேன். பின்னே கீழ பேரைப் பாத்தேன். போட்டோவையும் பாத்தேன்."

"மன்னிச்சிடு" என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

"தமிழ் நல்லா வருதே உங்களுக்கு," என்றாள். பிறகு, "மாப்பு எல்லாம் எனக்கு வேண்டாம். கை ஒடிஞ்சவளுக்கு ஒரு வழி வேணும். அந்தப் பேரை மாத்துங்க, அது போதும். அதுக்கு நீங்க என்ன சொல்லணுமோ சொல்லிக்கோங்க."

"வேற என்ன பேரு வைக்கலாம்?"

"அது எனக்கெதுக்கு மேடம்? எங்க பெண்ணுங்க நாலு பேரு முன்னால வாய்விட்டுச் சொல்லுற பேரா இருக்கட்டும்."

போய்விட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

என்னை நானே காப்பாற்றிக்கொள்ள எத்தனை வழிகள் தேடினேன் என்பதையும் கேளுங்கள். உண்மையைச் சொல்லாமலேயே மறு வாக்கெடுப்புக் கேட்கலாம் என்று யோசித்தேன். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிப் பெயரை மாற்றலாம் என்றுகூட ஒரு நாள் திட்டம் போட்டேன். உடல்நிலை சரியில்லை என்று விலகிவிடலாம் என்று கடிதமே எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தக் கதை மட்டும் பத்திரமாக எனக்கே மிஞ்சியது. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. கை ஒடிந்த பெண் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புகார் எதுவும் எழுதாமலே போய்விட்டாள். அதுவும் என் கணக்குதான்.

இதை எழுதத் தொடங்கியதும் ஷைனியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். உன் பழைய பெயரை எழுதலாமா, வேண்டாமென்றால் வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பின்னால் துடைப்பக் கட்டை தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"என் மகளுக்கு அந்தப் பேரு தெரியாது," என்றாள். "எழுதிக்கோங்க. பாதிப் பேரு முன்னமே உங்க சைட்டு மேலதானே இருக்கு?"

வைத்துவிட்டாள்.

உங்களுக்கு முன்னால் இதை முருகேசனுக்கு அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்த இடத்துக்கே போனேன். தரையில் உட்கார்ந்து டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்து நின்று ஆறு வருடமாகியிருந்தது.

"திட்டுங்க முருகேசன்," என்றேன்.

"திட்டுததுக்கு என்ன இருக்கு மேடம்." சிமெண்டு காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அப்போ நம்ம ரெண்டு பேருல என்னைய மட்டுந்தான் அப்படிக் கூப்புட்டுருக்கான், இல்லியா?"

அன்று அந்த மாடியில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. அந்தத் துணையை நான் இப்போது திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். பொய் சொன்னதைவிட உண்மையைச் சொன்னது அவரை அதிகம் நோகடித்தது. இரண்டையும் செய்தவள் நான்தான்.

வீட்டுக்குள்ளிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். அதுதான் எனக்கு ஆற்றவே முடியாமல் போயிற்று.

வரும் ஞாயிறு மறுபடி கூடுகிறோம். பெயர் மாறுமா என்று எனக்குத் தெரியாது. கை உயர்த்தும் உரிமையை நான் ஷைனிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்; என் கை எழாது. 'நாங்கள் யார்' பக்கத்திலிருந்த பழைய கதையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இதைப் போடுகிறேன். இப்போதைக்குப் பெயர் அப்படியேதான் இருக்கிறது. இதைப் படிக்க நீங்களும் அந்தச் சொல்லை அடித்துத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். அவள் படிக்க நினைத்தால் அவளும் தன் விரலால் அதை அடிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை எழுதி அழித்தேன். இருபத்தேழு, பாண்டிச்செல்வி. இருபத்தெட்டு, பார்வதி. அதற்குக் கீழே, 'உள்ளேன்' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது மனம் கொஞ்சம் இலேசானதைப் போல இருந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. அதுவும் அவள் சொன்ன சொல்.